பஸ் ஸ்டாண்டில் தொங்கிய காது

சின்னமனூர்,
24.5.2008

அன்பு மகன் சுருளியாண்டிக்கு,

அப்பா சீனிச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அம்மா சுகம், வாழைக்காய் மண்டியும் சுகம். அங்கே பம்பாயில் உன் சுகத்துக்குச் சுருளி வேலப்பர் பொறுப்பு, அவர் பெயரைத்தானே உனக்கு வைத்தோம். அந்தப் பெயரிலும் முன்பாதியை நறுக்கிப் போட்டுவிட்டு விளம்பரக் கம்பெனியில் வெறும் ஆண்டி ஆகிவிட்டாய் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரியும். உன் போனை யாரோ ஒரு பெண் எடுத்து, ஆண்டி பிசியாக இருக்கிறார் என்று சொன்னது. எனக்குத் தெரிந்து எந்த ஆண்டியும் பிசியாக இருந்ததில்லை தம்பி. சரி, அது உன் பாடு. போன் இருக்கையில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் மீட்டிங் என்கிறாய், டவர் இல்லை என்கிறாய், கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கூரியர்காரனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியாக வேண்டும், வாங்கிவிட்டால் கடைசிவரை படிக்காமல் உனக்குச் சோறு இறங்காது, அந்த மட்டுக்கும் உன் குணம் எனக்குத் தெரியும்.

முதலில் உன் ஃப்ளக்ஸ் சங்கதி. உன் அக்கா மகள் திரிஷாவுக்கு வருகிற வைகாசி 24, ஜூன் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை, அல்லிநகரத்தில் மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோவிலில் காதுகுத்து. தாய்மாமன் வீடு என்கிற முறையில் நாம் ஒரு ஃப்ளக்ஸ் வைத்தாக வேண்டும். வழக்கம்போலத் தேனியில் ராஜா முகம்மது கடையில் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். உன் அம்மாதான் கேட்கவில்லை. “எம்புள்ள தலையணை விளம்பரத்துக்குக் கப்பு வாங்குனவன், அவன் இருக்கையில ஊர்க்கடையில எழுதிப் போட்டா நாலு பேரு என்ன சொல்லுவாக” என்று ஒற்றைக்காலில் நின்றாள். நீயும் பெரிய மனசு பண்ணி, நானே செய்து அனுப்புகிறேன், யாரும் கை வைக்கக் கூடாது, ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கக் கூடாது என்று ராஜா முகம்மதுவுக்குப் போன் போட்டு உத்தரவு போட்டாய். அவரும் பயந்துபோய் நீ அனுப்பியதை அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டார். இங்கே நம் பஸ் ஸ்டாண்டில் கட்டி நிமிர்த்திய பிறகுதான் நானே பார்க்கிறேன். வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு காது. கீழே மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி ‘கொஞ்சம் வலிக்கும்’ என்று ஒரு வரி, ஒரு தேதி, என் செல் நம்பர். அவ்வளவுதான். பிள்ளை பெயர் இல்லை, பிள்ளை படம் இல்லை, என் பெயர் இல்லை, உன் அம்மா பெயர் இல்லை, தாய்மாமன் உன் பெயரே இல்லை. காதுகுத்து என்ற வார்த்தையும் இல்லை. கட்ட வந்த ராஜா முகம்மது என் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டு, “பாதிதான் பிரிண்ட் ஆயிருக்கோன்னு நடுவுல மெசின நிப்பாட்டிப் பாத்தேண்ணே” என்றார். உனக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்த வெள்ளை இடம்தான் பேசும், மிச்சத்தை ஜனங்களே யோசித்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

யோசித்தார்கள். நன்றாகவே யோசித்தார்கள். மறுநாள் விடிந்தும் விடியாமல் மண்டியில் நாழிப்பூவன் தார் ஏலம் ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்குப் போன். ஓடைப்பட்டியிலிருந்து ஒரு அம்மா, “காது டாக்டரு வீடுங்களா, எங்க வீட்டுக்காரருக்குச் சீழு வடியுது, இன்னைக்குக் கூட்டியாரலாமா” என்கிறது. ராங் நம்பர் என்று வைத்தேன். அடுத்து ஒருத்தர், “ஆறாந்தேதி ஒருநா மட்டுந்தான் பாப்பாகளா, அதுக்கு முந்தி வந்தா பாக்க மாட்டாகளா” என்றார். அதற்கடுத்து ஒரு பெரியவர் ரொம்பப் பணிவாக, “கொஞ்சம் வலிக்கும்னு போட்டிருக்கீக, மரப்பு ஊசி போட்டுட்டுப் பண்ண மாட்டீகளா” என்று கேட்டார். உலகத்தில் எந்த டாக்டராவது வலிக்கும் என்று போர்டு மாட்டுவானா, ஆனாலும் நம்பியிருக்கிறார்கள் பார், உன் திறமையைச் சொல்ல வேண்டும். மண்டி முழுக்க ஒரே சிரிப்பு. நம் கணக்குப்பிள்ளை ஜெபமணி, ராயப்பன்பட்டிக்காரர், பூசைக்குப் போகிற மனுசர், லேசில் சிரிக்க மாட்டார். அவரே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நான் கோபத்தில் போனை அவரிடம் தள்ளிவிட்டால், “டாக்டரு ரவுண்ட்ஸ் போயிருக்காக” என்று சொல்லி வைக்க ஆரம்பித்துவிட்டார். உன் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, எதிர்வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு மகன் செய்த ஃப்ளக்ஸைப் பார்க்கப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். “நம்ம பேரு எங்கனயுமே இல்லையேங்க” என்று அதை மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உனக்குப் பெயர் எழுதினால் அசிங்கம். டிசைன் கெட்டுப்போகும். ஏலே, இந்தப் பள்ளத்தாக்கில் ஃப்ளக்ஸை எவன் அழகு பார்க்கிறான்? முதலில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறான், அப்புறம் தன் பங்காளி பெயர் தனக்கு மேலே இருக்கிறதா என்று பார்க்கிறான். பெயர் விட்டுப்போன ஒரே காரணத்துக்காகக் கல்யாணத்துக்கே வராமல் இருந்தவர்கள் நம் சொந்தத்தில் இருக்கிறார்கள், உனக்கும் தெரியும். பெயர் போடுவது என்றால் நீ எங்களுக்கு வேண்டியவன், நீ வந்தால்தான் எங்களுக்குப் பந்தல் நிறையும் என்று நாலு பேர் அறியச் சொல்வது. அதை நீ வெள்ளை அடித்து அழித்துவிட்டு அதற்கு ஐடியா என்று பெயர் வைத்திருக்கிறாய். உன் தலையணை விளம்பரமும் இந்த லட்சணம்தானே. அது டிவியில் வரப்போகிறது என்று உன் அம்மா தெருவையே கூட்டி உட்கார வைத்தாள். ஒரு யானை நடந்து போகிறது, ஒரு கிழவர் சிரிக்கிறார், மழை பெய்கிறது, அதோடு முடிந்தது. தலையணை வரும் வரும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. கேட்டால், தலையணையைக் காட்டாததுதான் விஷயமே, அதற்குத்தான் கப்பு கொடுத்தார்கள் என்றாய். நானும் விற்கிறவன்தான். வாழைத்தாரைத் திருப்பித் திருப்பிக் காட்டுவேன், நல்ல சீப்பு முன்னால் தெரிகிற மாதிரி வைப்பேன், வாய் ஓயாமல் பேசுவேன். தாரையே ஒளித்துவைத்துவிட்டு விற்கிற சாமர்த்தியம் எனக்கு வரவில்லை. உன் தொழிலை நான் மட்டமாக நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், மட்டமாகத்தான் நினைக்கிறேன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு விளம்பரம் எழுதப் போகிறேன் என்று நீ வந்து நின்ற அன்றைக்கு உன்னைப் போக விட்டது உன் அக்கா சொர்ணலதா பேச்சுக்காக. “போகட்டும்ப்பா, அவனுக்கு அதான் வருது, வராததப் புடிச்சுக்கிட்டு அழுகச் சொல்றீகளா” என்று எனக்கு எதிரே நின்று சண்டை போட்டாள். அவள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நீ இன்றைக்கு ஏதாவது மில்லில் சூப்பர்வைசராக இருந்திருப்பாய்.

அந்த அக்காவுக்குத்தான் நீ இப்போது கைம்மாறு செய்திருக்கிறாய். ஃப்ளக்ஸை நான் மன்னித்துவிட்டேன், அது சிரிப்பாய்ச் சிரித்துப் போயிற்று. இதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. போன வாரம் நீ அவளுக்குப் போன் பண்ணினாய். அதிசயமாக நீயே பண்ணினாய், அவசரப்படாமல் பேசினாய். காதுகுத்தில் தாய்மாமன் எப்படி உட்கார வேண்டும், எந்தத் திசை பார்த்து உட்கார வேண்டும், பிள்ளையை எப்படிப் பிடிக்க வேண்டும், ஆசாரி எந்தக் காதில் முதலில் குத்துவார் என்று ஒன்றுவிடாமல் கேட்டாய். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் அது பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் உனக்குச் சொல்லியிருக்கிறாள். “கெழக்க பாத்து உக்காரணும்டா, புள்ள அலறுவா, நீ தலைய அசையவிடாமப் புடிச்சுக்கணும், குத்துன ஒடனே வாயில சீனியப் போடணும், மறந்துராத” என்று பாடம் எடுத்திருக்கிறாள். கடைசியில், எப்போ டிக்கெட் போட்டிருக்க என்று கேட்டிருக்கிறாள். அதற்கு நீ சொன்னது, “இல்லக்கா, இது ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்கு, அன்னைக்கு எனக்கு பிட்ச் இருக்கு, வர முடியாது.” பிட்ச் என்றால் என்ன என்று அவளுக்கு விளங்கவில்லை, மாப்பிள்ளை விசாரித்துச் சொன்னார். பிஸ்கட் கம்பெனிக்காரன் முன்னால் போய் நின்று, மற்றவனுக்குக் கொடுக்காதே, விளம்பரத்தை எங்களுக்குக் கொடு என்று படம் காட்டிக் கேட்பதாம். அந்தப் படத்தில் ஒரு தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்துக் காது குத்துவார்களாம், பிள்ளை அழுமாம், மாமன் சீனிக்குப் பதில் வாயில் பிஸ்கட்டை வைப்பானாம், பிள்ளை சிரிக்குமாம். ஜெயித்தால் உன்னைக் கிரியேட்டிவ் டைரக்டர் ஆக்குவார்களாம். நல்ல கற்பனைதான். கண்ணில் தண்ணீர்கூட வரும். மாமனாக நடிக்க எவனையோ பிடிப்பாய், மருமகளாக நடிக்க எவள் பெற்ற பிள்ளையையோ வாடகைக்கு எடுப்பாய். சொந்த அக்கா பெற்றது இங்கே மூளிக்காதோடு உட்கார்ந்திருக்கிறது. இதைச் செய்ய உனக்கு எப்படி மனசு வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. என் வாயில் கெட்ட வார்த்தை வந்தது, உன் அம்மா பக்கத்தில் இருந்ததால் முழுங்கிக்கொண்டேன்.

சொர்ணலதா அழவில்லை. உன்மேல் கோபப்படவும் இல்லை. “அவனை வற்புறுத்தாதீகப்பா, அவனுக்கு அது பெரிய வேலை” என்றாள். அந்த வீட்டில் அவள் நிலைமை உனக்குத் தெரியுமா? சம்பந்தி பிச்சைமணி நல்ல மனுசர்தான், ஆனால் நாக்கில் நரம்பு கிடையாது. அவள் கல்யாணத்தன்றே தாலி கட்டின கையோடு ஷூட்டிங் என்று நீ பஸ் ஏறிப் போனதை இன்றைக்கும் பந்தியில் உட்கார்ந்து பேசுகிறவர். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வைத்துக்கொண்டு, “மாமன் பம்பாயில பெரியாளாகிட்டாக, அவுகளுக்கு நம்மளயெல்லாம் கண்ணு தெரியாது, ஒண்ணுவிட்ட மாமன் எவன் மடியிலயாவது புள்ளய உக்கார வச்சு முடிச்சுருவோம், மடிதானே” என்று சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் மாமனார் முன்னால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள் உன் அக்கா. தட்டை வைத்துவிட்டு வந்து நின்று, “எந்தம்பி இருக்கையில வேற மடி எதுக்கு மாமா, அவன் வந்தாக் குத்துங்க, வரலைன்னா எம்மக காது மூளியாவே இருக்கட்டும்” என்றாளாம். பிச்சைமணி எழுந்து வெளியே போய்விட்டார். மாப்பிள்ளை எனக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் போன் போட்டு, “என்ன மாமா இப்படிச் சொல்லிட்டா, நாள் குறிச்சு ஊரெல்லாம் சொல்லியாச்சு” என்று தவித்தார். அவள் சொன்னால் சொன்னதுதான், உன்னைப் பம்பாய்க்கு அனுப்பி வைத்ததும் அந்தப் பிடிவாதம்தான். ‘கொஞ்சம் வலிக்கும்’ என்று ஃப்ளக்ஸில் நீ எழுதிய அந்த ஒரு வரி, அதை நான் ஏளனம் பண்ணினேன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வலிக்கத்தான் செய்தது, கொஞ்சம் இல்லை, நிறைய.

அதனால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். உன் காதைக் கழற்றிக் கொண்டுவந்து மண்டியில் செவ்வாழைத் தார்களுக்கு மேலே போர்த்திவிட்டேன், கெட்டியான சீட்டு, வெயிலுக்கு நன்றாகத் தாங்குகிறது. ராஜா முகம்மதுவிடம் போய் வேறு ஃப்ளக்ஸ் அடித்தேன். வாசகம் நானே சொன்னேன். அடிக்க அடிக்க அவர் முகத்தில் பழைய களை வந்துவிட்டது. வெள்ளையே கிடையாது, மஞ்சள், சிவப்பு, பச்சை, நாலு மூலையிலும் ரோஜாப்பூ. நடுவில் நம் திரிஷா படம், அவள் தலையில் ராஜா முகம்மது ஒரு கிரீடம் வைத்துவிட்டார். கீழே நம் சொந்தம் அத்தனை பேர் பெயரும், ஒருத்தர் விடாமல், ஓரத்தில் இடம் இல்லாமல் இரண்டு பேரைச் சாய்த்து எழுதியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் தெரிகிற எழுத்தில், ‘பாசமிகு தாய்மாமன், பம்பாய் விளம்பரத்துறை S. சுருளியாண்டி அன்புடன் வரவேற்கிறார், வருக வருக’. முழுப் பெயர், ஆண்டி கீண்டி இல்லை. உன் படமும் பெரிதாக இருக்கிறது. கோட்டு சூட்டு போட்ட உடம்பு ஒன்று அவர் கம்ப்யூட்டரில் இருந்தது, அக்கா கல்யாணத்தில் எடுத்த உன் தலையை அதில் ஒட்டி, கைகூப்பி நிற்கிற மாதிரி செய்திருக்கிறார். கழுத்துக் கொஞ்சம் கோணல்தான், உனக்குப் பார்த்தால் வாந்தி வரும். ஆனால் கட்டின அன்றைக்கே ஜனம் நின்று படிக்கிறது. டாக்டரைத் தேடி ஒரு போன்கூட வரவில்லை. சீலையம்பட்டியில் இருந்து உன் பெரியப்பா மகன் போன் பண்ணி, சொந்தக்காரர் வரிசையில் தன் பெயரை முதலில் போட்டதற்குச் சந்தோஷப்பட்டு, குடும்பத்தோடு வருகிறேன் என்றான். எல்லோரும் உன் அம்மாவிடம் மாமன் வாராகளா என்று கேட்கிறார்கள். அவள் யாரையும் கேட்காமல், “வராம எங்க போவான்” என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். நேற்று சொர்ணலதாவே பஸ் ஏறி வந்து பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிள்ளை உன் படத்தைக் கை நீட்டிக் காட்டி மாமா மாமா என்றது. அவள் டீகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

தம்பி, உன் கம்பெனியில் உன்னைத் தவிர அந்தப் படத்தைக் காட்டிப் பேச வேறு வாயே இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன். ஒரு ஆள் ஊருக்குப் போனதால் பிஸ்கட் விற்காமல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்படியே அந்த டைரக்டர் பதவி உன் கையைவிட்டுப் போனால் போகட்டும், நீ கெட்டிக்காரன், அடுத்த வருசம் வரும். உன்னைக் கெட்டிக்காரன் என்று எழுதிவிட்டேன், இதைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. மதுரை வரைக்கும் ரயிலோ விமானமோ உன் இஷ்டம், ஆரப்பாளையத்தில் தேனி பஸ் எந்நேரமும் இருக்கிறது. உன் அம்மா வேட்டி சட்டை எடுத்து வைத்துவிட்டாள். தாடியை எடுத்துவிட்டு வா, பிள்ளை பயப்படும். கண்ட நேரத்தில் சாப்பிடாதே, அந்தக் கறுப்புக் காப்பியைக் குறைத்துக்கொள், வயிறு புண்ணாகும். நீ நல்லபடியாக, நீண்ட ஆயுசோடு, உன் தொழிலில் பேரும் புகழுமாக இருக்க வேண்டும் என்று நானும் உன் அம்மா ஜக்கம்மாவும் மனசார ஆசீர்வதிக்கிறோம். அது வேறு, இது வேறு.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. விளம்பரம் போட்டாகிவிட்டது, ஊர் நம்பி வருகிறது. ராஜா முகம்மது யாருடைய உடம்பிலோ உன் தலையை ஒட்டிவிட்டார், யாருடைய கையையோ கூப்ப வைத்துவிட்டார். மடியை ஒட்ட அவருக்கும் வழி தெரியவில்லை. அதை நீதான் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்டில் தினமும் உன்னை அண்ணாந்து பார்த்துவிட்டு மண்டிக்குப் போகும்
உன் அப்பா,
மு. சீனிச்சாமி